மோட்டாருக்கு நான் எழுதிய விளக்கம்

என் கணவர் குவைத்தில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறார். எனக்கு மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை. இந்தச் சம்பா அறுப்புக்கு வருவதாகச் சொல்லி அவர் லீவு கேட்டிருந்தார். பதில் வரவில்லை.

குடவாசல் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே உள்ள மோட்டாரை அவர் குவைத்திலிருந்தே ஓட்டட்டும் என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை அடிக்க வேண்டும். ‘ஹெல்ப்’ என்று அடித்தால் எந்தக் கட்டளை எதற்கு என்று விளக்கம் வரும்.

அந்த விளக்கத்தை வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தேன். ‘போடு: மோட்டார் ஓடும். கரண்ட் இருந்தா. வாய்க்கால்லயே தண்ணி போவுது, எதுக்கு வீணா ஓட்டுறீங்க?’ ‘நிறுத்து: மோட்டார் நிக்கும். உங்கள மாதிரி இல்ல, சொன்னா கேக்கும்.’

போன மாதம் திடீரென்று எனக்கு அந்த விளக்கத்தைச் சுத்தம் செய்யும் வெறி வந்தது. இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அது கட்டளைகளை இடப்பக்கம் அடுக்கும், விளக்கங்களை வலப்பக்கம் ஒரே நேராக நிறுத்தும், ஒவ்வொன்றிலும் முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும். அதை ஓட்டிப் பார்த்தேன், கயிறு பிடித்து நட்ட நடவு மாதிரி வந்திருந்தது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் போன் வந்தது.

“ஹெல்ப்புல கைய வச்சியா?”

“ஏங்க, அழகா இல்ல?”

“யாரோ எழுதின மாதிரி இருக்கு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “மோட்டார் போடத்தானேங்க அது? போட வருதா, இல்லையா?”

“மோட்டார் போட எனக்கு ஹெல்ப் எதுக்கு? தினம் வேலைக்குக் கெளம்புறப்ப அத ஒரு தடவ படிச்சிட்டுத்தான் போவேன். நீ பக்கத்துல நின்னு திட்டுற மாதிரி இருக்கும்.”

கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த நிமிஷமே அவரைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. போனை வைத்ததும் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய விளக்கத்தையே திரும்ப வைத்தேன். கடைசியில் புதிதாக ஒன்று சேர்த்தேன். ‘வா: இது இன்னும் வேலை செய்யல. நீங்கதான் பாக்கணும்.’

மறுநாள் காலையில் அவர் போனிலேயே அதை எனக்குப் படித்துக் காட்டினார். என் ஏச்செல்லாம் அவர் குரலில் கேட்க எனக்குச் சிரிப்பாக வந்தது. கடைசிக் கட்டளைக்கு வந்தார், ‘நீங்கதான் பாக்கணும்’ வரை படித்தார்.

“மொதல்லேருந்து இன்னொரு தடவ படிக்கவா?” என்றார்.

லீவு கிடைக்கவில்லை என்று புரிந்தது.

“படிங்க” என்றேன்.