ஊறுகாய் பாட்டிலில் வளர்ந்த காவடிப்புழு

நேற்று சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். கொடியில் கிடந்த துண்டில் ஒரு அந்துப்பூச்சி. பார்க்க ஒன்றுமில்லை, காய்ந்த சருகின் நிறம். உதறியதும் பறந்தது பாருங்கள், அப்போதுதான் உள்ளே ஒளித்து வைத்திருந்த கறுப்புச் சிறகும் வெள்ளைத் திட்டுகளும் தெரிந்தன. ஆமணக்குப் பூச்சி. வேலூரில் இத்தனை வீடுகளுக்கு நடுவில் அதற்கு எங்கே செடி கிடைத்ததோ.

ஆம்பூருக்கு வெளியே எங்களுக்கு அரைக்காணி நிலம் இருந்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. மழையை நம்பி ஆமணக்கு மட்டும்தான் வந்தது. அப்பா தோல் பதனிடும் டேனரியில் பச்சைத்தோலுக்கு உப்புப் போடுகிறவர். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் சட்டையில் அந்த வாடை போகாது. நிலம் தேறிவிட்டால் டேனரியை விட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு வருஷம் இலையெல்லாம் புழு. முதுகை வளைத்து வளைத்து நடப்பதால் காவடிப்புழு என்போம். நான் அப்போது ஒன்பதாவது, பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு. ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, மண் போட்டு, இரண்டு புழுக்களை இலையோடு விட்டேன். ராப்பகலாகத் தின்று விரல் நீளம் கொழுத்தன. ஒருநாள் இரண்டையும் காணோம். கிளறிப் பார்த்தால் மண்ணுக்குள் கூட்டுப்புழு, பழுப்பாக, மேலே மாவு பூசினாற்போல. இரண்டு வாரம் கழித்துப் பூச்சியாக வெளியே வந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"செடியில தேடாதப்பா. மண்ணுக்குள்ள போய்த்தான் பூச்சியா மாறுது."

தோலில் புழு வைக்காமல் இருக்க அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான், உப்பு. தோலில் இருந்து உதறிப்போட்ட பழைய உப்பை டேனரியில் கேட்டு வாங்கி, மூட்டை மூட்டையாக சைக்கிளில் கொண்டுவந்து நிலம் முழுக்க இறைத்தார். நானும் பாவாடையில் அள்ளி இறைத்தேன். வழியில் போகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு கண்டுபிடிச்சா" என்றார்.

புழு ஒழிந்தது. அடுத்த மழைக்குப் போட்ட விதை முளைக்கவில்லை. அதற்கடுத்த மழைக்கும் முளைக்கவில்லை. வெயில் ஏறினால் நிலம் வெள்ளையாகப் பூத்தது. பக்கத்து நிலத்துக்கார பாய் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"இன்னாப்பா பண்ணி வெச்ச?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா என் பெயரை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் பாய்."

உடம்பு முடிகிறவரை டேனரிக்குத்தான் போனார். அரைக்காணியில் இன்றைக்கும் புல் இல்லை. 'எம் பொண்ணு' என்று ஆரம்பித்து அவர் யாரிடமும் எதுவும் சொல்லி, அதற்கப்புறம் நான் கேட்டதே இல்லை.