பூட்டைத் திறக்கச் சொன்னவர்

கண்டி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வாட்டில் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் அதிபர், மகளை எங்கள் வாட்டில் வைத்திருந்தபோது பழக்கமானவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு என்னைக் கூப்பிட்டார். "புள்ளைங்க சுகாதாரத்தப் பாத்துக்க ஒருத்தர் வேணும் மிஸ்ஸி" என்றார். மாதத்தில் இரண்டு நாள் குட்செட் பஸ் நிலையத்தில் ஏறிப் போவேன்.

முதல் வேலையாக வகுப்பு வகுப்பாகச் சென்று, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று பேசினேன். காரணம் இருந்தது. தோட்டங்களிலிருந்து சிறுமிகள் காய்ச்சலோடும் சிறுநீர் எரிச்சலோடும் எங்கள் வாட்டுக்கு வந்துகொண்டே இருப்பார்கள். மருந்து கொடுத்து, தண்ணீர் குடி என்று சொல்லி அனுப்புவோம். சில மாதத்தில் அதே முகம் திரும்பி வரும்.

பேசி முடித்து வெளியே வந்தபோது, சங்கத்தில் பெற்றோர் சார்பில் இருந்த ஒரு தாய் வாசலில் நின்றார். கொழுந்து பறிப்பவர். மலையிலிருந்து நேரே வந்திருந்தார், சேலையெல்லாம் ஈரம்.

"நல்லா பேசுனீங்க மிஸ்ஸி. தண்ணி குடிச்சா புள்ளைங்க எங்க போறது?"

எனக்குப் புரியவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் பெரிய பூட்டுத் தொங்கியது. சாவி அலுவலகத்தில். போய்க் கேட்க வெட்கப்பட்டு, பிள்ளைகள் காலையிலிருந்து ஒரு மிடறுகூடக் குடிப்பதில்லையாம்.

ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையிடம்கூட நான் கேட்டதில்லை. கூசிப்போய் நின்றேன்.

அன்றைய கூட்டத்தில் பரிசளிப்பு விழா மேடையைப் பற்றித்தான் பேச்சு. நான் எழுந்து, நோய் எப்படி வருகிறது என்று விளக்கினேன். அதிபர் பொறுமையாகக் கேட்டார். "தண்ணி இல்லையே மிஸ்ஸி. தொறந்து வச்சா ரெண்டே நாள்ல கிட்டப் போக முடியாது."

அந்தத் தாய் கதிரையை விட்டு எழுந்தார். "மேல ஊத்துப் பீலியில தண்ணி சும்மாதானே ஓடுது சார். தொரைகிட்ட நான் கேக்குறேன். குழாய் பதிக்க நாங்க மண்ணு வெட்டுறோம். தண்ணி வந்தா பூட்டக் கழட்டுவீங்களா?"

"கழட்டுறேன்" என்றார் அதிபர், எல்லோர் முன்னிலையிலும்.

தோட்டத்தை நடத்தும் துரை முதலில் முடியாது என்றாராம். அந்தத் தாய் மூன்று தடவை போய் நின்று சம்மதம் வாங்கினார். பழைய குழாய்களையும் தோட்டமே கொடுத்தது. வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையில் பன்னிரண்டு தாய்மார் மண்வெட்டியோடு வந்தார்கள். நானும் போனேன். அரை மணித்தியாலத்தில் கை கொப்பளித்ததும், என்னைத் தேநீர் ஊற்ற அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது ஞாயிறு தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அதிபர் தன் கையாலேயே பூட்டைக் கழற்றினார். முறை வைத்துக் கழுவும் பொறுப்பையும் தாய்மாரே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் அந்தத் தாயைச் சங்கத்தின் செயலாளராக்க வேண்டும் என்று முன்மொழிந்தேன்.

"எனக்கு அவ்வளவா எழுத வராது மிஸ்ஸி."

"நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

நான்கு வருடம் அப்படித்தான் நடந்தது. வாட்டில் டாக்டர்மார் சொல்வதையெல்லாம் எழுதிப் பழகியவள் நான். ஆனால் இவர் சொல்லச் சொல்ல எழுதும்போதுதான், அடுத்து என்ன சொல்லப்போகிறாரோ என்று ஆவலோடு காத்திருந்தேன்.