தண்ணீர்த் தொட்டியில் ஒரு கடல்வாசி

விடாத மழை. அந்த மழையில் என்னை மலையேற வைத்தது ஒரு மீன்.

இரத்தினபுரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் தங்கை சரோஜா இருக்கிறாள். கொழுந்து பறிக்கிறாள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர் தரும் தொட்டியைக் கழுவிப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவளுடையதுதான். ஊற்றை ஒட்டிக் கட்டிய சிமெந்துத் தொட்டி. அதற்குள் ஒரு விலாங்கு மீன்.

குடிக்கிற தண்ணீரிலா மீன் என்று முகம் சுளிக்காதீர்கள். பூச்சி புழுவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று ஓடையில் பிடித்துத் தொட்டியில் விடுவது அந்த லயத்தில் வழக்கம். பெயர் காவக்காரர். 'அது' என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கோயில் திருவிழாவன்று அவருக்கும் ஒரு சூடம் கொளுத்துவார்கள். அவர் போனால் ஊற்று வற்றிவிடும் என்று நம்பிக்கை.

அந்தக் காவக்காரருக்குத்தான் உடம்பு சரியில்லை என்று சரோஜா போன் செய்தாள்.

"சாப்பிட மாட்டேங்கிறாருங்க அண்ணே. மண்புழு போட்டாலும் திரும்பிப் பாக்கல. மழை பேஞ்சா தொட்டியை விட்டு ஏறி வந்துடுறாரு. காலையில பாத்தா புல்லுல கெடக்குறாரு. பாவம், வழி தெரியாம வந்துட்டாருன்னு ஈரச் சாக்குல சுத்தி மறுபடி உள்ள விடுறோம். என் கையில செத்துட்டாருன்னா லயத்துல என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க."

மீன் டாக்டருக்கு நான் எங்கே போவேன்? பேப்பரில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற ஒரே ஆள் என் தங்கைதான். அந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன்? அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு புறப்பட்டேன்.

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். முன்பு பார்த்தபோது சேற்று நிறத்தில் இருந்தவர். இப்போது முதுகு கறுத்து, வயிறு வெள்ளியாய் மின்னியது. கண்கள்... பெருத்துப் போயிருந்தன. பள்ளத்தைப் பார்த்த சுவரை மூக்கால் முட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் கீழே ஹோர்ன் சத்தம். கடற்கரை ஊரான பேருவளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் நவாஸ் நானா. சரோஜா அவரையும் கூட்டி வந்து காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"இவருக்கு நோயில்ல தங்கச்சி. மழை காலத்துல களுத்துறையில களு கங்கை கடல்ல விழுற மொகத்துவாரத்துல இதே மாதிரி வலையில படும். கண்ணு பெருத்து, வயிறு வெளுத்து... இவர் கடலுக்குப் போகப் பாக்குறாரு. நீங்கதான் புடிச்சுப் புடிச்சு உள்ள போடுறீங்க."

"கடலுக்கா? இங்கேருந்தா?" என்றாள் சரோஜா.

எனக்கும் அதே சந்தேகம். சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று போனைத் தட்டினேன். படிக்கப் படிக்க, நனைவதே மறந்துபோனது.

விலாங்கு பிறப்பது ஆழக்கடலில். நம் பக்கத்து விலாங்குகள் எந்த இடத்தில் பிறக்கின்றன என்று இன்றுவரை சரியாகத் தெரியாதாம். கண்ணாடித் துண்டு போன்ற குஞ்சாக நீரோட்டத்தில் மிதந்து வந்து கரை சேர்கிறது. ஆற்றுக்குள் நுழைந்து, வெள்ளத்தை எதிர்த்து, ஈரப் பாறைகளில் ஒட்டி ஏறி ஏறி மலைக்கு வருகிறது. ஏதோ ஓர் ஓடையில் வருடக்கணக்காகத் தின்று தூங்குகிறது. பிறகு ஒரு மழைக்காலத்தில் கடல் கூப்பிடுகிறது. சாப்பாட்டை நிறுத்துகிறது. இருட்டான ஆழத்தில் பார்ப்பதற்காகக் கண் பெருக்கிறது. பிறந்த கடலுக்கே திரும்பி, முட்டையிட்டு, அங்கேயே உயிரை விடுகிறது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸவுக்கு வேன் பிடித்துப் போய், படகில் வாந்தியெடுத்துத் திரும்பியவன் நான். இங்கே, என் தங்கை குடம் நிரப்புகிற தொட்டிக்குள் இந்துமாக்கடலின் பிள்ளை ஒன்று இத்தனை காலம் குடியிருந்திருக்கிறது. தீவில் பிறந்தவனுக்கு இது தெரியவில்லையே...

"விட்டுருவோம்" என்றாள் சரோஜா. அதற்குள் லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். சரோஜாவுக்குப் பக்கத்துக் காம்பிரா வீட்டு ராஜேஸ்வரியக்கா நேராகவே கேட்டார்.

"நாளைக்குத் தண்ணி வத்திப்போனா யாரு பதில் சொல்றது? உங்க அண்ணன் டவுனுக்குப் போயிருவாரு. நீதானே இங்க இருக்கணும்?"

நியாயமான கேள்வி. சரோஜா என் முகத்தைப் பார்த்தாள். போனில் படித்ததில் மிச்சமிருந்த ஒன்றைச் சொல்லி வைத்தேன். மலைவரை ஏறி வருவது பெரும்பாலும் பெண் விலாங்குதானாம்.

ராஜேஸ்வரியக்கா தொட்டி ஓரமாக வந்து குந்தினார்.

"அப்ப இது... பிள்ளை பெறத் தாய் வீட்டுக்குக் கெளம்புனவளா?"

"ஆமாங்க அக்கா" என்றேன் நான்.

"வாயும் வயிறுமா போறவளையா இத்தனை நாளா மறிச்சு வெச்சிருந்தோம்? பாவமில்லையா, சரோஜா?"

அதோடு வழக்கு முடிந்தது. மஞ்சளும் குங்குமமும் வந்தன. தொட்டி விளிம்பில் பொட்டு வைத்து, விலாங்கை ஈரச் சாக்கில் ஏந்தி, ஊர்வலமாகவே ஓடைக்கு இறங்கினோம். நவாஸ் நானா மீன் பெட்டியை மூடிவைத்துவிட்டு, குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். கடலுக்குப் போய் முட்டையிட்டதும் உயிரை விடும் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

சரோஜா சாக்கைத் தண்ணீரில் தாழ்த்தினாள். விலாங்கு ஒரு கணம் அசையாமல் கிடந்தது. பிறகு உடம்பை ஒருமுறை நெளித்தது... அவ்வளவுதான். யாரும் வழி காட்டவில்லை. கலங்கிய வெள்ளத்தில், களு கங்கை இருக்கும் திசைக்கே தலை திரும்பியது. நாங்கள் வெறும் தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நேற்று சரோஜா போன் செய்தாள்.

"தண்ணி நல்லா வருதுங்க அண்ணே. ராஜேஸ்வரியக்கா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அந்தப் பிள்ளைங்க மலைக்கு எப்ப வருமாம்?"

"அது யாருக்குத் தெரியும்?"

"வந்தா இந்தத் தடவை தொட்டியில அடைக்க மாட்டோமாம். பயப்படாம வரச் சொல்லி பேப்பர்ல எழுதிருங்க."

எழுதிவிட்டேன். ஆழக்கடலில் பேப்பர் கிடைக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.