தொப்புளிலிருந்து மூன்று விரல்

நாகேந்திரனால் வலியை ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியும். தொப்புளுக்கு வலப்பக்கம், மூன்று விரல் தள்ளி. நாலு வருடமாக அதே இடம். மிளகாய்க் கொல்லையில் களையெடுக்கக் குனிந்த ஒரு காலையில் வந்தது, பிறகு போகவில்லை. படுத்தால் நேராக எழ முடியாது. ஒருக்களித்துக் கையை ஊன்றித்தான் எழுவான். மகள் மடியில் ஏறினால் இறக்கி விட்டுவிடுவான்.

பரமக்குடிக்குத் தெற்கே அவன் ஊர். அண்ணன் இருளாண்டியோடு பொதுவில் இரண்டரை ஏக்கர் மானாவாரி, முண்டு மிளகாய். வலி வந்த பிறகு அவன் வேலையையும் மனைவி மாரிச்செல்வி பார்த்தாள். மூன்று முறை ஸ்கேன் எடுத்தார்கள். குடல், பித்தப்பை, சிறுநீரகம், எல்லாம் நன்றாக இருந்தன. நன்றாக இருக்கிறது என்று கேட்கக் கேட்க இருளாண்டியின் முகம் மாறிக்கொண்டு வந்தது. தம்பிக்கு மனசில்தான் ஏதோ கோளாறு என்று ஏர்வாடியில் கொண்டுபோய் விட்டான். தர்காவுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் புருஷனும் பெண்சாதியும் நாற்பது நாள் இருந்தார்கள்.

அங்கே டீக்கடை வைத்திருந்த ஹாஜா முகைதீன் அவனைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சொன்னார்: "இங்கன வாரவங்க எல்லாம் எனக்கு ஒண்ணுமில்லன்னுதான் சொல்வாங்க. இருக்கு இருக்குன்னு சொல்ற ஒரே ஆளு நீங்கதான். ராம்நாடு போயி ஒரு சர்ஜனைப் பாருங்க."

ஊர் திரும்பி, பங்குனியில்தான் போக முடிந்தது. மிளகாய்ப் பழம் பறிப்பு நேரம். தனியாகப் போனான்.

ராமநாதபுரத்து சர்ஜன் டாக்டர் மர்வா சின்னப் பெண், முப்பது வயது இருக்கும். அவனைப் படுக்கச் சொல்லி, கையை ஊன்றாமல் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். தூக்கினான். வயிறு பலகைபோல் இறுகியது. அவர் விரல் அந்த இடத்தை அழுத்தியதும் கத்திவிட்டான்.

"உள்ள இருக்குற வலின்னா, தசை இறுகுனா என் விரல் அதுக்கிட்ட போகாது, வலி குறையணும். உங்களுக்குக் கூடுது. வலி குடல்ல இல்ல. சுவர்ல இருக்கு."

வயிற்றின் மேலேயே பேனாவால் வரைந்து காட்டினார். பக்கவாட்டில் மூன்று தசைகள், ஒன்றன்மேல் ஒன்று. முதலாவதன் இழை சரிந்து கீழே இறங்கும், இரண்டாவது எதிர்ச்சரிவில் ஏறும், மூன்றாவது குறுக்கே ஓடும். நடுவில், தொப்புளுக்கு இருபுறமும் விலாவிலிருந்து அடிவயிறுவரை நேராக இறங்கும் பட்டைத் தசை. முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் நரம்பு இரண்டாவது தசைக்கும் மூன்றாவதுக்கும் நடுவே சுற்றி வருகிறது. பட்டைத் தசைக்குப் பின்னால் வந்ததும் சட்டென்று திரும்பி, ஒரு சின்னத் துளை வழியாகத் தோலுக்கு வருகிறது. கூடவே ஒரு தமனி, ஒரு சிரை. துளையின் விளிம்பு நார், இளகாது. அங்கேதான் நரம்பு நெரிபடுகிறது. ஸ்கேனில் தெரியாது.

நாகேந்திரன் அழுதான். அவன் காட்டிய இடத்தில்தான் வலி என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த இடம் மரத்துப்போக ஊசி ஒன்று போட்டார். பத்து நிமிடத்தில் வலி இல்லை. மருந்து சாயங்காலம்வரைதான், வலி திரும்பி வரும் என்றார். மதுரையில் அந்த நரம்பை வெட்டிவிடலாம், செவ்வாய்க்கிழமை போகவேண்டும், கையெழுத்துப் போட வீட்டு ஆள் ஒருவர் கூட வேண்டும், ஆளில்லாமல் சேர்க்க மாட்டார்கள்.

மாரிச்செல்வியிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தான். சட்டையைத் தூக்கிப் படத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

இறங்கும்போது கிழக்கே மேகம் கறுத்துவிட்டது. களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஓடி ஓடி அள்ளினார்கள். அவனும் ஓடினான். குனிந்தான், வலிக்கவில்லை. சாக்கைத் தோளில் ஏற்றினான், வலிக்கவில்லை. பதினோரு சாக்கு. கடைசிச் சாக்கை இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடி சிரித்தான். மாரிச்செல்வி தார்ப்பாயின் முனையைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே," என்றான் இருளாண்டி, "இந்த ஒடம்ப நாலு வருசமா எங்கிட்டு வச்சிருந்தே?"

ஊசி என்றான் நாகேந்திரன்.

"ஒத்த ஊசியில போற வலிக்கா எங்கள ஏர்வாடி வரைக்கும் அலையவிட்டே?"

சட்டையைத் தூக்கினான். வேர்வையிலும் மழையிலும் கரைந்து வயிற்றில் நீலக்கறைதான் இருந்தது. யாரோ சிரித்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வலி வந்துவிட்டது. மாரிச்செல்வியிடம் நரம்பு, துளை, மதுரை எல்லாம் சொன்னான். டாக்டரிடம் வந்து கேட்கச் சொன்னான். அவள் சண்டை போடவில்லை.

"ரெண்டு ஆளு வேல பாத்தேன். ஊரே சொன்னப்பவும் நடிக்கலன்னு சொன்னேன். இன்னைக்கு நீங்க சாக்குத் தூக்குனத எங்கண்ணால பாத்ததுக்கு அப்புறம் டாக்டரம்மாகிட்ட வந்து என்னத்தக் கேக்கச் சொல்றீக?"

செவ்வாய்க்கிழமை அவள் பழம் பறிக்கப் போனாள். கூட வரச்சொல்லி இருளாண்டியை அவன் கேட்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் மர்வா போன் செய்தார். ஏன் போகவில்லை என்று கேட்டார். கூட வர ஆளில்லை என்றான். அப்படியானால் ஆள் கிடைக்கும்வரை அவ்வப்போது வந்து ஊசி போட்டுக்கொள்ளலாம், அந்த நேரமாவது வலியில்லாமல் இருக்கலாம் என்றார்.

மாரிச்செல்வி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். ஊசி போட்டால் அவன் நிமிர்ந்து நடப்பான். மகளைத் தூக்குவான். களத்தில் பார்த்த மாதிரி அதையும் அவள் பார்ப்பாள்.

"வேண்டாம்மா," என்றான். "வலி அது பாட்டுக்கு இருக்கட்டும்."