அவர் வேண்டாமென்ற கோட்டு

எழுபதுகளில் தேவிகுளம் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்த்த அந்த மனிதர் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். இன்றைக்கு ஆட்டிசம் என்கிறார்கள். அன்று எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது. கொழுந்து பறிக்கும் கூட்டத்திலும் மிஷின் இரைச்சலிலும் அவரால் நிற்க முடியவில்லை. இலை வாடப்போடும் மாடியில்தான் நிலைத்தார். பச்சை இலையை உதறி உதறி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புவார்.

அதைப் பார்த்து மெச்சிய எஸ்டேட் மேனேஜர் துரை, அவரை ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக்கி, கங்காணிக்குரிய கோட்டும் கொடுத்தார். மறுநாளே அவர் அதை மடித்துத் துரை மேசையில் வைத்தார்.

"ஏன், பிடிக்கலையா?"

"இதப் போட்டா ஆளுகள ஏசணும் தொர. இலை பரப்புறதுதான் என் வேல. அத வேற யாருக்கும் குடுத்துராதீங்க."

துரை கொடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை மாடி அவருடையதாகவே இருந்தது.

கோட்டு எனக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு எஸ்டேட் முழுக்க நடந்தேன். மாடிப்படி ஏறும்போது மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன்.