தாம்பரத்தில் ஒரு கேப்ஸ்யூல் படுக்கை

பிறந்த ஊரில் படுக்க இடம் கேட்டு ஜெர்மன் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டியிருந்தது. தாம்பரம் ரயில் நிலையத்தருகே உள்ள அந்தக் கேப்ஸ்யூல் ஹோட்டலில் உள்ளூர்க்காரர்களுக்கு இடம் கொடுப்பதில்லையாம். வரவேற்பு மேசைக்காரர் அதில் பிறந்த இடத்தைப் படித்துவிட்டுத் தயங்கினார்.

"தாம்பரம்னு போட்டுக்கீதே சார். சொந்தக்காரங்க யாரும் இல்லியா?"

இல்லை என்றேன். பாஸ்போர்ட்டின் மேலட்டையைத் திருப்பிப் பார்த்தவர், ஃபாரின் என்றால் பரவாயில்லை என்று லாக்கர் சாவியைத் தந்தார்.

ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி, ஒரு விளக்கு, ஒரு திரை. மேலடுக்கில் யாரோ புரண்டால் என் பலகை அதிர்ந்தது. ஃப்ராங்ஃபுர்ட்டில் மகனைப் பார்க்கப் போகும்போதும் மலிவான ஹாஸ்டலில்தான் தங்குவேன். அங்கே வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு தராமல் வெளியே தங்குவதுதான் மரியாதை; மருமகள் நன்றி சொல்வாள். கீழ்க்கட்டளையில் இருக்கும் தங்கை ஸ்டெல்லாவுக்கும் அதே மரியாதையைச் செய்வதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் கணவர் இறந்தபோது நான் அடக்கத்துக்கு வரவில்லை. விமான டிக்கெட் கிடைத்தது, ஜெர்மனிக் குளிரில் கிளம்பி அலைய மனமில்லாமல் இருந்துவிட்டேன். அவர் படம் மாட்டிய கூடத்தில் அவளெதிரே உட்கார எனக்குப் பயம்.

மறுநாள் சாப்பிட வருகிறேன் என்று போன் செய்தேன். எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டாள், சொன்னேன். உடனே பஸ் பிடித்து வந்துவிட்டாள். நான் இறங்கி வந்தபோது வரவேற்பு மேசைக்காரர் சிரித்தார்.

"இன்னா சார், யாரும் இல்லன்னீங்க. தங்கச்சி வந்துகிறாங்களே?"

அவள் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு அதைக் கேட்காதவள் போல, "பெட்டிய எடுண்ணா. மாடி ரூம்ல உனக்காக வெஸ்டர்ன் டாய்லெட் வெச்சிருக்கேன்" என்றாள்.

பணம் கட்டிவிட்டேன், இரண்டு நாள்தானே என்றேன். வெளியாட்கள் மேலே வரக்கூடாதென்பதால் படியிலேயே நின்றிருந்தோம்.

"கோயில்ல எல்லாரும் உன்னைக் கேக்கறாங்க. லாட்ஜ்ல இருக்காருன்னு எப்படிண்ணா சொல்வேன்? நீ இன்னும் வரலைன்னு சொல்லிடறேன். நாளைக்கும் வராத. பக்கத்து வீட்ல பாத்துடுவாங்க."

ஞாயிறு காலை ஆலய மணி கேட்டது. ஜன்னலுக்குக் கீழே, வெள்ளைச் சட்டையும் பட்டுப்புடவையுமாகக் குடும்பங்கள் போய்க்கொண்டிருந்தன. தெரிந்த முகம் ஏதாவது நிமிர்ந்து பார்த்துவிடக் கூடாதே என்று பின்னால் நகர்ந்து, என் படுக்கைப் பெட்டிக்குள் ஏறித் திரையை இழுத்துக்கொண்டேன். இந்நேரம் கீழ்க்கட்டளைக் கோயில் வாசலில் ஸ்டெல்லா யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள், அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வர்றாரு என்று.