புதுப் போனுக்கு முதல் போணி நான்தான்

இன்று ஆவடி மார்க்கெட்டில் ரீசார்ஜ் செய்யப் போனேன். புதிதாக வந்திருக்கும் விலை குறைந்த ஸ்மார்ட்போனை விற்க, கடை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

என்னைப் பார்த்ததும், "பட்டன் போன் உள்ள கீது ஆயா," என்றாள்.

"அஞ்சாவது படிச்சவடி நானு. பேஸ்புக்ல எழுதிக்கினு கீறேன். அத்தக் குடு இப்டி."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கோச்சுக்காத ஆயா. காலைலேர்ந்து போணியே ஆவல. ஒண்ணாச்சும் விக்கலன்னா நாளைக்கு வராதன்ட்டாரு ஓனரு."

என் பழைய போனில் பேத்தி நடனமாடும் படங்களே நிரம்பி, இனி இடமில்லை. வாங்கிவிட்டேன். பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இதை அந்தப் போனில்தான் எழுதுகிறேன். நாளைக்கும் அவளுக்குப் போணி ஆக வேண்டுமே, ஆவடிக்காரர்களே, யார் போகிறீர்கள்? தலை நரைத்தவர்கள் மட்டும் மை பூசிக்கொண்டு போங்கள்.